கீசரைச் சரிசெய்யலாமா, மாற்றலாமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கீசர் பழுது பார்ப்பதுதான் இருபது வருடமாக என் வேலை. வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "இன்னும் தாங்குமா, தூக்கிப் போட்டுவிடலாமா?" என்பதுதான். நான் பார்க்கும் முதல் விஷயம் உள்ளே இருக்கும் தொட்டி. தண்ணீரைச் சூடாக்கும் காயில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், வால்வ் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. தொட்டி ஓட்டையானால் மட்டும் வேறு வழியில்லை.

கேள்வி: எங்கள் கீசருக்குப் பத்து வயது. ஒரு குறையும் இல்லை. ஆனால் சர்வீஸுக்கு வந்தவர், வயதாகிவிட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார். மாற்ற வேண்டுமா?

வயதை மட்டும் வைத்து மாற்றாதீர்கள். தொட்டி வைத்த கீசர் பொதுவாக 8 முதல் 12 வருடம் உழைக்கும் என்பார்கள். உப்புத் தண்ணீரில் ஐந்து வருடத்திலேயே போனதையும் பார்த்திருக்கிறேன், நல்ல தண்ணீரில் பதினைந்தைத் தாண்டியதையும் பார்த்திருக்கிறேன்.

வந்தவரிடம் "ஆனோடு கம்பியைக் கழற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தொட்டி இரும்பு, உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சில் எங்காவது மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் துரு பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் மெக்னீசியத்தில் இந்த ஆனோடு கம்பியை வைக்கிறார்கள். தண்ணீர் அரிக்க வேண்டியதை இரும்புக்குப் பதில் இந்தக் கம்பி தன்மேல் வாங்கிக்கொள்கிறது. புதிதில் வழவழப்பாக, தடிமனாக இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் கரையான் அரித்த குச்சி மாதிரி ஆகிவிடும். பாதிக்கு மேல் கரைந்து, நடுவில் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி வெளியே தெரிந்தால் ஆனோடை உடனே மாற்ற வேண்டும். பத்து வருடத்தில் ஒருமுறைகூட மாற்றவில்லை, கழற்றினால் வெறும் எஃகுக் கம்பிதான் வருகிறது என்றால், அதன் பிறகு தொட்டிதான் அரிபட்டுக்கொண்டிருக்கிறது. அப்போது புதுசுக்குத் தயாராக இருங்கள்.

கேள்வி: கீசருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது அண்ணா. வெல்டிங் வைத்தால் நிற்குமா?

முதலில் எங்கிருந்து சொட்டுகிறது என்று பாருங்கள். சூடாகும்போது மட்டும் சேஃப்டி வால்விலிருந்து சொட்டினால் அது பழுது அல்ல. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு விரியும். அந்த விரிவு போக வழி வேண்டும். சொட்டுகிறதே என்று அந்த வாயை அடைத்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், அடைத்தால் அழுத்தம் ஏறி தொட்டியே வெடிக்கலாம். கீசர் ஆறிய பிறகும் ஓயாமல் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள், அல்லது குழாயில் அழுத்தம் அதிகமா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

குழாய் இணைப்பிலோ, காயில் மாட்டியிருக்கும் தட்டின் விளிம்பிலோ கசிந்தால் கேஸ்கட் (கசியாமல் இருக்க இடையில் வைக்கும் வளையம்) வேலைதான். வெளிக்கூட்டின் ஓரத்திலிருந்து, அதுவும் துரு நிறத்தில் கசிந்தால் தொட்டி ஓட்டை. போன மாதம் ஒரு வீட்டில் மேல் கூட்டைத் திறந்தேன். சுற்றிலும் இருந்த பஞ்சு நனைந்து பாரமாகத் தொங்கியது. அதன் பின்னால் ஏற்கெனவே யாரோ வைத்த வெல்டிங், அதற்குப் பக்கத்திலேயே இரண்டு புது ஓட்டை. வெல்டிங் சூட்டில் உள்ளே கண்ணாடிப் பூச்சு உதிர்ந்துவிடும், அடுத்த ஓட்டை அங்கேதான் வரும். அதனால் வைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வெந்நீர் மட்டும் செம்மண் கரைத்த மாதிரி வருகிறது.

பச்சைத் தண்ணீரையும் ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். அதுவும் நிறமாக இருந்தால் கீசர் மேல் குற்றமில்லை. வெந்நீர் மட்டும்தான், தொட்டி முழுதும் காலியாகும் வரை நிறம் போகவில்லை என்றால் உள்ளே துரு. பழைய இரும்புக் குழாயாக இருந்தால் முதல் ஒன்றிரண்டு மக்கில் மட்டும் நிறம் வந்து தெளிந்துவிடும்.

கேள்வி: கொதிக்கிற மாதிரி கடகடவென்று சத்தம் வருகிறது. முன்பு இருபது நிமிடத்தில் சூடாகும், இப்போது அரை மணி ஆகிறது.

சத்தம் உப்பால். சூடு பட்டதும் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து காயில் மேல் பொருக்காக ஒட்டும். அதற்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்துக் குமிழி விடும். நேரம் கூடியதற்கு உப்பு மட்டும் காரணமாக இருக்காது, வோல்டேஜையும் பாருங்கள். 2000 வாட் காயில் 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 18 நிமிடம் போதும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் அதே காயில் 60 சதவீதம்தான் சூடு தரும், அரை மணி ஆகிவிடும். வோல்டேஜ் சரியாக இருந்தால் காயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

விளக்கு சீக்கிரம் அணைந்து தண்ணீர் வெதுவெதுப்பாகவே வந்தால் கதை வேறு. பொருக்கு மூடிய காயில் அளவுக்கு மீறிச் சூடாகி, பக்கத்தில் இருக்கும் தெர்மோஸ்டாட்டை ஏமாற்றிவிடுகிறது. காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகும். தொட்டிக்குள் இரும்புக் கம்பி விட்டுச் சுரண்ட மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: குழாயைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது சார். மாற்றிவிடலாமா?

மாற்றுவது இருக்கட்டும், இப்போதே எம்சிபியை இறக்குங்கள். லேசாகத்தான் அடிக்கிறது என்று ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். காயிலின் மேலுறை வெடித்திருக்கும், அதோடு எர்த்தும் சரியில்லை. எர்த் ஒழுங்காக இருந்தால் குழாய்க்கு மின்சாரம் வர வாய்ப்பு மிகக் குறைவு. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) போட்ட பிறகு காயிலை மாற்றுங்கள். எர்த் இல்லாமல் புது கீசர் மாட்டினாலும் இதே ஆபத்துதான்.

கேள்வி: வெந்நீரில் அழுகிய முட்டை வாடை.

கீசரை மாற்ற வேண்டாம். தண்ணீரில் இருக்கும் ஒருவகைக் கிருமியும் மெக்னீசியக் கம்பியும் சேர்ந்து செய்வது. தொட்டியை முழு சூட்டில் வைத்து, பிறகு அலசுங்கள். திரும்ப வந்தால் அலுமினியம்-துத்தநாகக் கம்பி மாட்டச் சொல்லுங்கள். கம்பியே வேண்டாம் என்று கழற்றி எறிபவர்கள் உண்டு, தொட்டி சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: எங்களுடையது கேஸ் கீசர். சுடர் மஞ்சளாக எரிகிறது.

உடனே நிறுத்துங்கள். நீலமாக எரிய வேண்டும். மஞ்சள் சுடரும் கரியும் கேஸ் சரியாக எரியவில்லை என்பதற்கு அடையாளம். கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளிக்கும்போது தலைவலி, மயக்கம் வந்தால் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். பர்னரைச் சுத்தம் செய்து சரியாகலாம். ஆனால் மூடிய குளியலறைக்குள் புகைக்குழாய் இல்லாமல் மாட்டியிருந்தால், புதிதாக இருந்தாலும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தொட்டி ஓட்டை, புதுசு வாங்கிவிட்டேன். இதாவது நீடிக்க என்ன செய்வது?

மாட்டிய தேதியை மார்க்கரால் பக்கவாட்டில் எழுதி வையுங்கள். இரண்டாம் வருடம் ஆனோடைக் கழற்றிப் பாருங்கள்; உப்புத் தண்ணீர் என்றால் முதல் வருடமே. தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருக்கட்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று 40-இல் வைத்தால் அந்த வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். 60 டிகிரித் தண்ணீர் தோலைச் சுட்டுவிடும், அதனால் குழந்தைகளுக்குப் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, அப்புறம் வெந்நீரைக் கலக்குங்கள். காயில் தட்டை எப்போது திறந்தாலும் புது கேஸ்கட் போடச் சொல்லுங்கள். பழையதையே திரும்பப் போட்டால் அங்கேயே கசியும்.