கண் சொட்டு மருந்தில் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கிறது, அம்மாவுக்குத் தொடர்ந்து விடலாமா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அம்மாவுக்குக் கிளௌகோமா, அதாவது பார்வை நரம்பு கெடும் கண்நோய். அதற்கு ராத்திரி லட்டானோப்ரோஸ்ட் ஒரு சொட்டு, காலையும் மாலையும் டிமோலோல், வறட்சிக்கு ஃபார்மசியில் வாங்கிய செயற்கைக் கண்ணீர் ஆறு வேளை, மூன்று புட்டியிலும் கிருமியைத் தடுக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவான பென்சால்கோனியம், கண் சிவந்து எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

எரிச்சலுக்குப் பென்சால்கோனியம் காரணமாக இருக்கலாம். ஆனால் கிளௌகோமா மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எரிச்சல் ஆறிவிடும், கிளௌகோமாவில் போன பார்வை திரும்பாது.

பென்சால்கோனியம் சோப்பு மாதிரி வேலை செய்வது. கிருமியின் மேலுறையைக் கிழிக்கும் அதே குணம், கண்ணீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கலைக்கும், கருவிழியின் மேல் செல்களையும் அரிக்கும். லட்டானோப்ரோஸ்ட் புட்டிகள் பலவற்றில் 0.02 சதவீதம் இருக்கும். தினம் ஒரு சொட்டு என்றால் பெரும்பாலோர் தாங்குவார்கள். அம்மாவுக்கோ ஒரு கண்ணுக்கு ஒன்பது சொட்டு விழுகிறது, அதில் ஆறு செயற்கைக் கண்ணீர்! வறட்சிக்கு விடுவதே வறட்சியைக் கூட்டலாம்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது செயற்கைக் கண்ணீரைத்தான். நாளுக்கு நாலு தடவைக்கு மேல் விடுகிறவர்கள் பிரிசர்வேட்டிவ் இல்லாததை வாங்குவது நல்லது. பெட்டியில் 'தன்பா பெங்காவெட்' (மலாயில் 'பிரிசர்வேட்டிவ் இல்லாதது') என்று இருக்கிறதா பாருங்கள். மால் (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை கூடத்தான், ஆனால் இந்த ஆறு சொட்டில்தான் செலவுக்குப் பலன். கிளௌகோமா மருந்திலும் பிரிசர்வேட்டிவ் இல்லாத வகை உண்டு. அடுத்த அப்பாய்ண்ட்மெண்டில் டாக்டரிடம் கேளுங்கள். வலியோ பார்வை மங்கலோ இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

பிரிசர்வேட்டிவ் இல்லையென்றால் கிருமியைத் தடுக்கவும் ஆளில்லை. 2022-23-இல் அமெரிக்காவில் பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபட்ட சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தொற்றில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள், நாலு பேர் இறந்தார்கள். பிரிசர்வேட்டிவ் இல்லாத சின்னக் குப்பிகள் பலவற்றில் 0.4 மில்லிதான் இருக்கும். மிச்சம் இருக்கிறதே என்று மறுநாளுக்கு வைக்காதீர்கள். முனை இமையில் படக்கூடாது.

விடும்போது ஒரு சொட்டு போதும், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். மூக்கோரக் கண்மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. செயற்கைக் கண்ணீரைக் கடைசியில் விடுங்கள்.