பினாங்கில் பிள்ளைகளுக்கு எந்தப் பழ மரத்தைச் சொல்லிக் கொடுக்கலாம்?

தமிழ்ப்பள்ளி மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பழ மரமும் அதன் பழங்காலப் பயன்பாடும் சொல்ல வேண்டும், டுரியான் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் இருந்துகொண்டு வேறென்ன யோசனை, ஜாதிக்காய்தான்!

படம் காட்டிப் பாடம் நடத்தாதீர்கள். பாலிக் பூலாவ் பக்கம் போனால் புதிதாய்ப் பறித்த பழம் கிடைக்கும், நாலைந்து வாங்கி வந்து மேசையில் வைத்து நறுக்குங்கள். வெளிர் மஞ்சள் தோல், உள்ளே வெள்ளைச் சதை, அதற்குள் பளபளக்கும் கறுப்புக் கொட்டை, அந்தக் கொட்டையை வலை பின்னிய மாதிரி சுற்றிப் பிடித்திருக்கும் ரத்தச் சிவப்பு ஜாதிபத்திரி. இதைப் பார்த்ததும் பின்வரிசைப் பிள்ளைகளும் எழுந்து வந்துவிடுவார்கள். பத்திரியைக் கிழியாமல் உரிக்கச் சொல்லுங்கள், காயக் காய அது மஞ்சளாகிவிடும். கொட்டையையும் வாரக்கணக்கில் காயவிட்டால் உள்ளே பருப்பு சுருங்கி, குலுக்கினால் கடகடவென்று ஆடும். அப்போதுதான் ஓட்டை உடைக்க வேண்டும். நாம் கடையில் வாங்கும் ஜாதிக்காய் அந்தப் பருப்புதான்.

பயன் என்று பார்த்தால் எதுவும் வீண் இல்லை. பத்திரி பிரியாணிக்கு, பருப்பு பலகாரத்துக்கும் தாம்பூலத்துக்கும், எண்ணெய் கைகால் வலிக்குத் தேய்க்கும் தைலத்துக்கு. மற்ற ஊர்களில் பெரும்பாலும் தூக்கிப் போடும் சதையை இங்கே சர்க்கரையில் ஊறவைத்து விற்கிறார்கள், ஜூஸும் போடுகிறார்கள் (புளிப்பு பிளம் ஒன்று போட்டுத் தருவார்கள், வெயிலுக்கு அதை அடிக்க ஆளில்லை). நம் பாட்டிமார் பருப்பைக் கல்லில் உரசிக் கைக்குழந்தைக்கு நாக்கில் தடவுவார்கள். அந்தக் காலத்து வழக்கம் என்று மட்டும் சொல்லுங்கள், செய்து காட்ட வேண்டாம். ஜாதிக்காய் அளவு மீறினால் பெரியவர்களுக்கே வாந்தி, தலைசுற்றல் வரும். பருப்பைப் பிள்ளைகள் கடித்துப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. இந்த மரத்தின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். ஒரு காலத்தில் உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது, அதனால் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அடித்துக்கொண்டார்கள். 1667 ஒப்பந்தத்தில் பண்டாவைச் சேர்ந்த ரன் என்ற குட்டித் தீவு டச்சுக்காரர்களிடம் நின்றது, இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஒரு மசாலாவுக்காக இப்படியா என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும். பினாங்குக்கு 1800 வாக்கில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி கன்றுகளைக் கொண்டுவந்தது. தோட்டங்கள் பெருகி, 1860 வாக்கில் நோய் வந்து அழிந்துபோயின. இப்போது பார்ப்பது அப்புறம் வைத்த மரங்கள்.

பப்பாளி மாதிரி இதிலும் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதை போட்டு வளர்த்தால் பூக்கிறவரை, அதாவது ஆறேழு வருடம், எது எதுவென்று தெரியாது. பள்ளித் தோட்டத்தில் வைக்க ஆசைப்பட்டால் ஒட்டுக் கன்றாகக் கேட்டு வாங்குங்கள்.