1,10,000 ரூபாய்க்கு ரூட்டர் மேசை: தவணையா, நகைக்கடனா?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. செங்கோட்டைப் பக்கம் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். வயது 38. உதவிக்கு இரண்டு பேர். நிலை, கதவு, ஜன்னல், பூஜையறைக் கதவு செய்கிறோம். பாதி வேலை கேரளத்தில் ஆரியங்காவு, புனலூர்ப் பக்கத்து வீடுகளுக்குப் போகிறது. டிசைன் ஓட்டுவதையும் பேனல் கதவுக்குக் காடி எடுப்பதையும் வெளிப்பட்டறையில் கொடுத்து வாங்குவதில் மாதம் சராசரியாக 6,000 ரூபாய் செலவாகிறது. மரத்தில் காடியும் டிசைனும் வெட்டும் மெஷினான அரை இஞ்ச் ரூட்டர் சொந்தமாக இருக்கிறது. அதை மாட்ட, வார்ப்பிரும்பு மேசை, ரூட்டரை ஏற்றி இறக்கும் லிஃப்டுடன் 1,10,000 சொல்கிறார்கள். 10,000 கட்டினால் மீதிக்கு 24 மாதத் தவணை, 12 சதவீத ஃபிளாட் வட்டி. சேமிப்பு 90,000 இருக்கிறது, வீட்டில் நாலு பவுன் இருக்கிறது. தவணையில் எடுக்கவா, நகையை வைக்கவா? மேசை கொஞ்சம் வளைந்திருந்தாலும் கதவு கெட்டுவிடும் என்பதால் விலை குறைந்ததை வாங்கப் பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, மேசை வளையக் கூடாது என்ற உங்கள் பயம் சரிதான். அந்தப் பயத்துக்கு 1,10,000 கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. இரண்டு வழியும் வேண்டாம்.

தவணையை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு லட்சத்துக்கு 12 சதவீத ஃபிளாட் என்றால் இரண்டு வருஷத்துக்கு வட்டி 24,000. மாதம் 5,167 கட்ட வேண்டும். மாதாமாதம் நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், வட்டி கடைசி வரை முழு ஒரு லட்சத்துக்கே ஓடுகிறது. குறையும் அசலுக்கு வட்டி என்று வங்கிக் கணக்கில் மாற்றினால் இது ஏறத்தாழ 21.5 சதவீதம். இந்த வட்டியை வங்கி மேனேஜர் நேராகச் சொல்லியிருந்தால் நாற்காலியை விட்டு எழுந்து வந்திருப்பீர்கள்.

இன்னொரு பக்கம், மாதம் 6,000 மிச்சமாகும் என்று நினைக்கிறீர்கள். அது முழுசாக மிச்சமாகாது. அந்த வேலை இனி உங்கள் பட்டறையில் நடக்கும். ரூட்டரில் மாட்டி வெட்டும் பிட் தேயும், கரண்ட் ஆகும், பையன் ஒருவனின் நேரம் அதில் போகும். இதற்கெல்லாம் 2,500 கழித்தால் கையில் நிற்பது 3,500. தவணையோ 5,167. மாதா மாதம் 1,667 துண்டு விழும்.

அதுவும் வேலை இருக்கும் மாதத்தில். ஆடியில் நம் பக்கம் யாரும் நிலை வைக்க மாட்டார்கள். அதே மாதம் மலைக்கு அந்தப் பக்கம் கர்க்கடகம், அங்கேயும் நல்ல காரியம் கிடையாது, மழை வேறு. இரண்டு ஊர் வாடிக்கை இருந்தால் ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கும் என்பார்கள். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே படுக்கும். ஆவணி பிறந்து, அங்கே சிங்ஙம் பிறந்து, வேலை வரும் வரை தவணைக்காரர் காத்திருக்க மாட்டார்.

நகைக்கடனில் வட்டி குறைவாக இருக்கலாம். ஆனால் நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருஷத்தில் திருப்ப வேண்டிய கடன். மாதம் 3,500 மிச்சத்தில் 1,10,000 திரும்பி வர 31 மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் இரண்டு முறை வட்டி கட்டி மாற்றி வைக்க வேண்டி வரும். நாலு பவுன் வீட்டிலேயே இருக்கட்டும்.

இனி மேசை. என் தொழில் கணக்குதான். ஆனாலும் மெஷின் கடனுக்கு ஆலோசனை கேட்பவர்களோடு கடைகடையாக நின்றதில் சில விஷயம் பிடிபட்டிருக்கிறது. கடைக்காரர் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்பதைக் காட்டுவார். மேசை சாய்ந்திருக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும், நடுவில் பள்ளம் இருப்பதைச் சொல்லாது. பள்ளத்தைக் கண்டுபிடிக்க நேரான விளிம்புள்ள நீளமான பட்டை வேண்டும். அந்தப் பட்டையே நேராக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பிளைவுட்டில் அதை ஒட்டிக் கூர்மையான பென்சிலால் கோடு போடுங்கள். பட்டையைப் புரட்டிப் போட்டு, அதே விளிம்பை அதே கோட்டுக்கு வைத்து மறுபடி போடுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் பட்டை நேர். நடுவில் விலகினால் வேறு பட்டை தேடுங்கள்.

பிறகு அதை மேசை மேல் நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைவிட்டத்திலும் நிறுத்தி, அடியில் ஜெராக்ஸ் பேப்பரைச் செருகிப் பாருங்கள். ஒரு தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஓரத்தில் ஒரு தாள் நுழைந்தால் விட்டுவிடலாம். பிட் நிற்கும் இடத்தைச் சுற்றி மூன்று தாள் நுழைந்தால் அந்த மேசை வேண்டாம். பள்ளத்தின் மேல் மரச்சட்டம் பாலம் போல நிற்கும், நடுவில் காடி ஆழம் குறையும், கதவின் சட்டங்களைச் சேர்க்கும்போது மூலை பொருந்தாது. நடுவில் இம்மி மேடாக இருந்தால்கூட, பிட் இருக்கும் இடத்தில் சட்டத்தை அமுக்கி ஓட்டிச் சமாளித்துவிடலாம். ரூட்டரைத் தாங்கும் பிளேட்டும் மேசையும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். நாலு மூலையிலும் ஏற்றி இறக்கும் ஸ்க்ரூ உள்ள பிளேட்டாகப் பார்த்து வாங்குங்கள். பிளேட் விளிம்பு துருத்தினால் சட்டம் அங்கே முட்டி நிற்கும், வெட்டில் அந்த இடம் அப்படியே தெரியும்.

இந்தச் சோதனையில் தேறும் மேசையை நீங்களே செய்யலாம், நீங்கள் மரவேலைக்காரர்தானே. 18 எம்எம் பலகை இரண்டை ஒட்டி, மேலேயும் கீழேயும் மைக்கா ஒட்டுங்கள். கீழ்ப்பக்கம் கண்ணில் படாது என்று விட்டால் சாரல் காலத்தில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து வளையும். பிளேட்டுக்கு வெட்டிய ஓட்டையின் உள்விளிம்புக்கும் வார்னிஷ் அடியுங்கள். மேசையைத் தாங்க வெல்டிங் கடையில் சதுரக் குழாய் ஃபிரேம், அதில் ரூட்டர் தொங்கும் இடத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொரு குறுக்குச் சட்டம். காலில் நட்டு போல்ட் வைத்தால் தரை மேடுபள்ளத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஒரு கால் தூக்கியபடி நின்றால் ஃபிரேம் முறுகி, மேல்பலகையையும் முறுக்கும். ரூட்டரை மாட்டிய பிறகு ஒரு முறை, வாரம் கழித்து ஒரு முறை தாள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

பிளேட், சட்டத்தை ஒட்டி ஓட்டும் நேரான தடுப்பான நல்ல ஃபென்ஸ், ஃபிரேம், பலகை எல்லாம் சேர்த்து 30,000-க்குள் அடக்கப் பாருங்கள். 3,500 மிச்சத்தில் ஒன்பது மாதத்துக்குள் முதல் திரும்பிவிடும். மிச்சம் 60,000 வங்கியிலேயே இருக்கட்டும். நல்ல பலாத் தடி ஒன்று விலைக்கு வரும்போது ரொக்கம் இல்லாமல் விடுவது உங்கள் தொழிலில் தவணையைவிடப் பெரிய நஷ்டம். பேனல் ஓட்டும் பெரிய பிட் வாங்குவதற்கு முன், உங்கள் ரூட்டரில் வேகம் குறைக்கும் வசதி உண்டா என்று பாருங்கள். மூன்றரை இஞ்ச் பிட்டை நிமிஷத்துக்கு 10,000, 12,000 சுற்றுக்கு மேல் ஓட்டக் கூடாது, கையில் பிடித்து ஓட்டவே கூடாது.

வார்ப்பிரும்பை நான் குறை சொல்லவில்லை. கனம் அதிகம், அதிராது, பல வருஷம் உழைக்கும். ஆனால் உங்கள் ஊர் ஈரத்துக்கு வாரம் தவறாமல் மெழுகு தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் துரு. கார் பாலிஷ் போடாதீர்கள். அதில் பெரும்பாலும் சிலிகான் இருக்கும், மரத்தில் ஒட்டினால் பிறகு அடிக்கும் பாலிஷ் குழிகுழியாக விலகும். வெளியே கொடுக்கும் வேலை மாதம் 15,000-ஐத் தொட்டால் வார்ப்பிரும்பைப் பற்றி மறுபடி எழுதுங்கள்.

அப்போதும் கடைத் தவணைக்குப் போகாதீர்கள். தமிழ்நாட்டு அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்த கைவினைஞர்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000, மானியம், 5 சதவீத வட்டி மானியம் என்று அறிவித்தார்கள். மரவேலையும் அதில் உண்டு. மெஷினை வாங்கிவிட்டு பில்லோடு போகாதீர்கள். முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு, விண்ணப்பம் கொடுத்துவிட்டு வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் விற்பவருக்குத்தான். கதவை வண்டியில் ஏற்றிப் புனலூரில் கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுத்தால் அது மாநிலம் தாண்டிய விற்பனை, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்திலும் இதற்கு இடமில்லை. செங்கோட்டையிலோ தென்காசியிலோ ஒரு ஆடிட்டரைப் பார்த்து இதை நேராக்கிக்கொள்ளுங்கள். வழக்கமான பதிவு எடுத்தால் ஒரு நன்மையும் உண்டு: தொழிலுக்கு வாங்கும் சாமானில் கட்டும் ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழிக்கலாம். 1,10,000 மேசையில் 18 சதவீத வரி அடங்கியிருந்தால் அந்தப் பங்கு மட்டும் ஏறத்தாழ 16,780. பிளேட், ஃபென்ஸ் வாங்கும்போதே பதிவு எண் போட்டு, பட்டறை பெயரில் பில் கேளுங்கள்.