குறி சிதறுகிறதா? முதல் செலவு தோட்டாவுக்கு

கேள்வி: என்னுடைய .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் 50 மீட்டரில் ஐந்து குண்டும் 40 மி.மீ. அகலத்துக்குச் சிதறுகின்றன. புது பேரல் (துப்பாக்கிக் குழல்) வாங்க வசதியில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: பேரலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். .22 தோட்டாவை நம் ரைபிளுக்கு ஏற்ப நாமே அடைத்துக்கொள்ள நடைமுறையில் வழியில்லை. ஒரே மாடல் ரைபிள்கள் இரண்டில்கூட ஒரே தோட்டா ஒரே மாதிரி சுடும் என்று சொல்ல முடியாது. ஆகவே நான்கைந்து தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். எல்லாம் 40 கிரெய்ன் (குண்டின் எடை, சுமார் 2.6 கிராம்), 'ஸ்டாண்டர்டு வெலாசிட்டி' (ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகம்) ரகமாக இருக்கட்டும். அதிவேகத் தோட்டா ஒலியை மிஞ்சிக் கிளம்பி, வழியிலேயே அந்த வேகத்துக்குக் கீழே இறங்கும்போது நிலைகுலையக்கூடும். பக்கக் காற்றிலும் அதுதான் அதிகம் ஒதுங்கும்.

காற்றில்லாத நேரத்தில், முன்னும் பின்னும் மணல்மூட்டை வைத்துச் சுடுங்கள். ரகம் மாற்றும்போது முதல் 10, 15 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதுத் தோட்டாவின் மெழுகு பேரலுக்குள் படிய அவ்வளவு தேவை. பிறகு ஐந்தைந்து குண்டுகளாக ஐந்து குரூப் சுடுங்கள். ஐந்து குரூப்களின் அகலத்தின் சராசரியைப் பாருங்கள். மிகச் சிறிய குரூப் ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாற்றமே. தேறிய பெட்டியின் லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரான தொகுப்பின் எண்) குறித்து, அதே லாட்டில் முடிந்தவரை வாங்கி வையுங்கள். அடுத்த லாட் வேறு மாதிரி சுடலாம்.

அடுத்தது ஸ்டாக், அதாவது பேரலைத் தாங்கும் கட்டை. மேகஸினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். ஆக்‌ஷன் திருகுகளை, அதாவது ரைபிளின் உலோகப் பகுதியை ஸ்டாக்கோடு பிணைக்கும் திருகுகளை, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவரால் (இறுக்கத்தை அளந்து திருகும் கருவி) மாற்றி மாற்றி இறுக்குங்கள். மர ஸ்டாக் ஈரத்துக்கேற்ப உப்பிச் சுருங்குவதால் இந்த இறுக்கம் தானாகவே மாறும். அதிகம் இறுக்கினால் ரிசீவரே (பேரல் பொருந்தும் உலோக உடல்) வளையக்கூடும். பிறகு பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே தாள் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சிக்கினால், உருளைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றி அங்கே தேய்த்து, தேய்த்த மரத்துக்கு வார்னிஷ் பூசுங்கள். சில ரைபிள்களில் ஸ்டாக்கின் முன்பக்கத்தில் பேரலைத் தொட்டுத் தாங்கும் மேடு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும், அதைத் தொடாதீர்கள். ஸ்கோப் மவுன்ட் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

முன்பு நன்றாகச் சுட்ட ரைபிள் சில நூறு குண்டுகளுக்குப் பிறகு சிதறினால், சேம்பருக்குச் சற்று முன்னே வளையமாகப் படியும் கரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கரி கரைப்பானில் நனைத்த பிரஷ்ஷைப் பின்பக்கமிருந்து செலுத்திச் சுத்தம் செய்யுங்கள். முன்வாயிலிருந்து ராடு நுழைத்தால் பேரல் நுனியின் விளிம்பு தேயும். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே சேதமிருந்தால் துப்பாக்கிப் பணியாளரிடம் நுனியை மறுபடி கடைந்து வாங்குவது புது பேரலைவிட எவ்வளவோ மலிவு.

கேள்வி: குண்டுகள் மேலும் கீழும் விலகுவதில்லை, பக்கவாட்டில்தான் விலகுகின்றன. ஏன்?

பதில்: பெரும்பாலும் காற்று. நொடிக்கு 1 மீட்டர் வேகப் பக்கக் காற்றே 50 மீட்டரில் ஏறக்குறைய 7 மி.மீ. தள்ளிவிடும், போட்டி அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். பாதி வழியில் ஒரு குச்சியில் மெல்லிய ரிப்பன் கட்டி, அது ஒரே மாதிரி அசையும்போது மட்டும் சுடுங்கள். மேல்கீழாக விலகியிருந்தால் தோட்டாவின் சீரற்ற வேகத்தைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: தோட்டா இல்லாமல் டிரிகர் இழுத்துப் பழகலாமா?

பதில்: தயாரிப்பாளர் கையேடு அனுமதித்தால் மட்டும். .22 போன்ற ரிம்ஃபயர் ரைபிள்கள் (தோட்டாவின் விளிம்பை அடித்து வெடிக்கச் செய்பவை) பலவற்றில் காலி சேம்பரின் விளிம்பை ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அடித்துத் தழும்பாக்கும்; அதன்பின் தோட்டா சீராக உட்காராது. .22-க்கான ஸ்னாப் கேப் (மருந்தில்லாத பயிற்சித் தோட்டா) போட்டுப் பழகுங்கள்.