முட்டி எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், இப்போது எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதலிலேயே எம்ஆர்ஐ எடுத்திருந்தால் எக்ஸ்ரே காசு மிச்சம்தானே?

மிச்சமாகியிருக்காது. நான் எலும்பு மூட்டு கிளினிக் ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறவள். இதே கேள்வியைப் பலர் பில் கவுண்டரில் சண்டையாகவே போட்டுப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரிவது எலும்பு. ஜவ்வு ஜவ்வு என்று பொதுவாகச் சொல்கிறோமே, மெனிஸ்கஸ் (முட்டிக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல இருப்பது), லிகமெண்ட் (எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் நார்), எலும்பு நுனியில் இருக்கும் குருத்தெலும்பு, இவை எதுவும் அதில் விழாது. ஆக, உங்கள் படத்தில் ஒன்றுமில்லை என்றால் எலும்பு உடைந்த அடையாளம் இல்லை, தேய்மானம் பெரிதாக இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் டாக்டர் ஜவ்வுப் பக்கம் போகிறார். ஐம்பதைத் தாண்டியவர்கள் பலருக்கு விஷயம் எக்ஸ்ரேயோடு முடிந்துவிடும். தேய்மானம் அதிலேயே தெரியும், எம்ஆர்ஐ வாசலையே மிதிக்க வேண்டாம். ஷட்டில் ஆடும்போது கால் திருகிக்கொண்டது, முட்டி பாதியில் பூட்டிக்கொள்கிறது, படி இறங்கும்போது நழுவுகிறது என்று வருபவர்களுக்குத்தான் பெரும்பாலும் எம்ஆர்ஐ எழுதுவார்கள்.

முட்டி எக்ஸ்ரே பற்றி இன்னொன்று. தேய்மானம் பார்க்க என்றால் நின்றுகொண்டு எடுக்க வேண்டும். "வலிக்குதும்மா, படுத்துக்கிறேனே" என்று பெரியவர்கள் கெஞ்சுவார்கள், மனசு கேட்காது, ஆனாலும் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நிற்க வைத்துத்தான் எடுப்பேன். இரண்டு எலும்புக்கும் நடுவில் படத்தில் காலியாகத் தெரிகிற இடம்தான் குருத்தெலும்பு இருக்கும் இடம். உடம்பு எடை இறங்கும்போதுதான் அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். படுத்துக்கொண்டு எடுத்த படத்தில் தேய்ந்த மூட்டுகூட நல்ல மூட்டு போலத் தெரியலாம். உங்கள் படம் எப்படி எடுத்தது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு பயம் வேண்டாம்: முட்டிக்கு ஒரு படம் எடுத்தால் படுவது, இயற்கையாகவே ஒரு நாளில் நம் மேல் படுவதைவிடக் குறைவு. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது எம்ஆர்ஐ. இதில் கதிர்வீச்சே கிடையாது, காந்தம்தான். அந்தக் காந்தம் எப்போதும் ஆனிலேயே இருக்கும், படம் எடுக்காத நேரத்திலும். கைபேசி, சாவி, ஏடிஎம் கார்டு எல்லாம் வெளியே. பெண்கள் கவனிக்க வேண்டியது ஊக்கு. தாலிச் சங்கிலியில் அவசரத்துக்கு என்று இரண்டு ஊக்கு மாட்டியிருப்போம், நமக்கே மறந்து போயிருக்கும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கை இழுத்துவிடும். எந்த உலோகமானாலும் சூடாகலாம் என்பதால் தாலி, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றத்தான் சொல்வார்கள். கழற்ற மனமில்லாதவர்கள் வீட்டிலேயே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன், நல்ல யோசனை. பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள் என்று எது இருந்தாலும் மறைக்காதீர்கள். பழைய பிளேட், ஸ்க்ரூ இருந்தால் பெரும்பாலும் எடுக்கலாம், அதைச் சுற்றிப் படம் கொஞ்சம் கெடும்.

குழாய்க்குள் மூச்சு முட்டுமே என்று பயந்தால், முட்டிக்கு எடுக்கும்போது கால்தான் முதலில் உள்ளே போகும், தலை பெரும்பாலும் வெளியே இருக்கும். சத்தம் பயங்கரமாக இருக்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். அரை மணி நேரம் போல ஆகும், காலை அசைக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் "கிழிந்திருக்கிறது" என்று பார்த்துப் பதறாதீர்கள். அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஊரில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேரின் முட்டியை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ விறைப்போ எதுவும் இல்லை. அதனால் படத்தில் தெரியும் கிழிசல்தான் உங்கள் வலிக்குக் காரணமா என்பதை, முட்டியை மடக்கித் திருப்பிப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும். டாக்டரைப் பார்க்காமல் நேரே ஸ்கேன் சென்டருக்குப் போய் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவது இதனால்தான்.

செலவு யோசனையாக இருந்தால், அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்கள் இருக்கின்றன. தனியாரைவிடக் கட்டணம் குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் காட்டிக் கேளுங்கள்.

அந்த எக்ஸ்ரே ஃபிலிமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எம்ஆர்ஐக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள், ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்.