ராடு வைத்து ஏழு மாதமாகியும் எலும்பு கூடவில்லையே, டாக்டர்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 44. சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறார். ஏழு மாதத்துக்கு முன்பு பைக்கில் இருந்து விழுந்ததில் வலது கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. ராடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இன்னமும் ஊன்றினால் வலிக்கிறது. எலும்பு கூடுவது தாமதமாகிறது என்கிறார் டாக்டர். காலை எடுக்க வேண்டி வருமோ? சர்க்கரையும் பீடிப் பழக்கமும் உண்டு. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்.

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள், அம்மணி. எலும்பு கூடத் தாமதமாவதாலேயே யாரும் காலை எடுத்துவிட மாட்டார்கள். கட்டுக்கே வராத சீழ், ரத்த ஓட்டம் அற்றுப்போன கால் என்று நிலைமை முற்றினால்தான் அந்தப் பேச்சு வரும்.

முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு உடைந்தால், கூடுவதற்குச் சாதாரணமாகவே நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். உங்கள் கணவருக்கு உடைந்திருப்பது அதிலும் சிரமமான இடம். அங்கே எலும்பைச் சுற்றிச் சதை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. கீழ்பவானி வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதுபோலத்தான். தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்த காயத்தில், இருக்கிற ரத்த ஓட்டமும் அடிபடும், கிருமியும் புகுந்துவிடும். ஆகவே ஏழு மாதத்தில் கூடவில்லை என்றால் தாமதம்தான். ஆனால் எலும்பு இனி சேரவே சேராது என்று முடிவு கட்டும் நேரம் இது இல்லை. பொதுவாக ஒன்பது மாதம் தாண்டி, கடைசி மூன்று மாத எக்ஸ்ரேக்களில் எந்த முன்னேற்றமும் இல்லாவிட்டால்தான் அப்படிச் சொல்வோம்.

பீடியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். குறைத்துக்கொள்கிறேன் என்பது போதாது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும்; புது எலும்பு வளர்வதையும் தடுக்கும். நாம் எவ்வளவு நல்ல ராடு வைத்தாலும், புகை தொடர்ந்தால் பாதி வேலை வீணாகிறது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். சர்க்கரைக்கு மூன்று மாத சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை செய்து, கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவாருங்கள். பகல் முழுக்கத் தறிக் கூடத்துக்குள்ளேயே நிற்பவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கலாம், அதையும் பாருங்கள். மருந்துக் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடுவது வேண்டாம். சில மாத்திரைகள் எலும்பு கூடுவதை மெதுவாக்கும், சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

ஆட்டுக்கால் சூப் குடிக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து நாம் நினைக்கிற அளவு கிடையாது. முட்டை, பருப்பு, கீரை, அளவான ராகிக் களி இவை மேல். உடைந்த இடத்தில் எண்ணெய் போட்டு நீவவோ, கட்டுப் போடவோ கூடாது.

அடுத்த முறை போகும்போது ஆபரேஷனுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கிருமி இருக்கிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டுமா, சிடி ஸ்கேன் தேவையா, எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்று கேளுங்கள். ஊன்றி நடப்பதே பல சமயம் எலும்பு கூடுவதற்கு உதவும், ஆனால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் ராடின் ஒரு முனை ஸ்க்ரூவைக் கழற்றுவார்கள். நடக்கும்போது உடைந்த முனைகள் ஒன்றையொன்று அழுத்தும். இல்லையென்றால் பெரிய ராடாக மாற்றுவது, இடுப்பு எலும்பில் இருந்து கொஞ்சம் எடுத்து வைப்பது, காலுக்கு வெளியே வளையம் மாட்டி எலும்பை அசையாமல் பிடித்து வைப்பது என வழிகள் உண்டு. அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் செய்ய முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

அப்புறம், அவர் எரிந்து விழுவது. சம்பளம் நின்று, தறிக்காரரிடம் வாங்கிய முன்பணம் தலைக்கு மேல் நிற்க, சொந்த வீட்டில் உட்கார்ந்தே இருக்கிற மனிதரின் வேதனை அது. சோம்பேறி என்று உறவுக்காரர்கள் யாராவது சொன்னால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். தூக்கம், சாப்பாடு இரண்டும் கெட்டால், வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால், மனநல மருத்துவரைப் பார்ப்பதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

காய்ச்சல், சிவப்பு, சீழ் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.