தானியமும் பாலும் கூடாதென்றால் குழந்தைக்கு என்னதான் கொடுப்பது?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. வயிற்றுப் பிரச்சினைக்காக எட்டு வாரம் தானியம், பால் பொருள் இரண்டையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். முட்டை, கறி, மீன், பயறு, கொட்டை வகைகள் எல்லாம் சாப்பிடலாம் என்கிறார். ஆனால் வீட்டில் மூன்று வேளையும் உருளைக்கிழங்கு என்று ஆகிவிட்டது. அவளுக்கு அலுத்துப்போய் எடையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பள்ளிக்கு வேறு கட்டிக் கொடுக்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: எடையில் இருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் இதில் அவசரமான விஷயம். பட்டியல் பார்த்து 'கூடாததை' எடுத்துவிடுவது எல்லோரும் செய்வதுதான், எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் சறுக்குகிறோம். தானியத்தை நிறுத்தினால் முதலில் போவது மாவுச்சத்து, அதாவது ஓடியாடும் சக்தி. பாலை நிறுத்தினால் போவது கால்சியம், புரதம், அயோடின், வைட்டமின் பி2, பி12. இவை இரண்டு தனித்தனிப் பள்ளங்கள், ஒரே பொருளைப் போட்டு இரண்டையும் நிரப்ப முடியாது.

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1200 முதல் 1400 கலோரி வரை வேண்டும். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி என்றால் அவித்த உருளைக்கிழங்கில் 85 சொச்சம்தான். சர்க்கரைவள்ளியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதனால் சோறு சாப்பிட்ட அதே அளவுக்குக் கிழங்கு கொடுத்தால் வயிறு நிறையும், சக்தி குறையும். காலிஃபிளவரைத் துருவி சோற்றுக்குப் பதிலாக வைக்கும் யோசனை இணையமெங்கும் கிடைக்கிறது. தயவுசெய்து அதைக் குழந்தைக்கு முக்கிய உணவாக வைக்காதீர்கள். 100 கிராமில் 25 கலோரிதான் இருக்கும், அது எடை குறைக்க நினைக்கும் பெரியவர்களுக்கான வேலை. மரவள்ளி இதற்கு நேர் எதிர், 160 கலோரி வரை தரும். ஆனால் தோலை முழுக்க உரித்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாழைக்காயும் நல்லது. ஜவ்வரிசி மரவள்ளி மாவில் செய்ததென்றால் தானியமில்லை, சேர்க்கலாம், ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. எந்தக் கிழங்கானாலும் மேலே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு கரண்டி எண்ணெயே 120 கலோரி.

பயறு வகைகள் அனுமதி என்று சொல்லியிருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. கடலை மாவு ஒரு கப், தண்ணீர் ஒரு கப், உப்பு, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து அரைமணி நேரம் ஊறவிட்டு, கல்லில் மெல்லியதாக ஊற்றி எடுங்கள். ஓரம் தானாகக் கல்லை விட்டு எழும்பும்வரை திருப்ப வேண்டாம், அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். உள்ளே வேகாமல் பச்சையாக இருந்தால் ஒரு கசப்பு வரும், குழந்தை அடுத்த முறை தொடவே தொடாது, அதனால் இரண்டு பக்கமும் நிதானமாக வேகட்டும். இதற்குள் பொரித்த முட்டையையோ உதிர்த்த கோழிக்கறியையோ வைத்துச் சுருட்டினால் பள்ளிக்குக் கொடுத்துவிட ஏற்ற உணவு, ஆறினாலும் நன்றாக இருக்கும். மாலையில் நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்றை மசித்து இரண்டு முட்டையோடு அடித்துச் சின்னச் சின்னதாக ஊற்றிக் கொடுக்கலாம், இனிப்பே சேர்க்க வேண்டாம். தீ மட்டும் குறைவாக இருக்கட்டும்.

கறி உருண்டை செய்யும்போது ரொட்டித்தூளுக்குப் பதில் மசித்த கிழங்கும் ஒரு முட்டையும் போதும். வார இறுதியில் மொத்தமாகச் செய்து உறையவைத்துவிட்டால் காலை நேரப் பரபரப்பு பாதியாகும். குழம்பு, சூப் கெட்டியாக வேண்டுமென்றால் சோள மாவை எடுக்காதீர்கள், அது தானியம். அதற்குப் பதில் மரவள்ளி மாவு, இல்லையென்றால் வேகவைத்த பருப்பை அரைத்து ஊற்றுங்கள். பாதாம் மாவில் கேக் செய்தால் சீக்கிரம் கருகும், சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் மாவு தண்ணீரை உறிஞ்சித் தள்ளும், ஒரு கப் கோதுமை மாவு போடும் இடத்தில் கால் கப் போட்டாலே போதும், முட்டையும் கூடுதலாக வேண்டும்.

கொட்டைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கொட்டைகள் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. உங்கள் மகள் அந்த எல்லையில் இருப்பதால் இப்போதைக்குப் பொடித்தோ விழுதாக அரைத்தோ கொடுப்பதே நல்லது. கொட்டைகளையே அனுமதிக்காத பள்ளிகளும் நிறைய இருக்கின்றன, கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பூசணி விதை, சூரியகாந்தி விதை விழுது கைகொடுக்கும்.

அப்புறம் பால். பாலுக்குப் பதில் என்று கடையில் விற்கும் எல்லாமே வெள்ளையாக இருக்கின்றன, உள்ளே இருப்பது வேறு வேறு. ஓட்ஸ் பாலும் அரிசிப் பாலும் தானியம், அதனால் விட்டுவிடுங்கள். பாதாம் பாலில் ஒரு கோப்பைக்குப் புரதம் ஒரு கிராம் அளவில்தான் இருக்கும், பசும்பாலில் 8 கிராம். சோயா பால்தான் புரதத்தில் பாலுக்குப் பக்கத்தில் வருகிறது. சோயா ஒத்துக்கொண்டால், கால்சியம் சேர்த்தது என்று எழுதியிருக்கும் இனிப்பில்லாத சோயா பாலை வாங்குங்கள். பெட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள், சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும். ஆட்டுப்பால் மாற்று ஆகாது: பசும்பால் ஒவ்வாமை உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. 'லாக்டோஸ் இல்லாத' பாலிலும் பால் புரதம் அப்படியே இருக்கிறது.

கால்சியம் எவ்வளவு வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு கணக்கு மாறுகிறது: ஐந்து வயதுக்கு பிரிட்டன் 450 மில்லிகிராம் என்கிறது, அமெரிக்கா 1000 என்கிறது. உங்கள் மருத்துவர் எந்த அளவைச் சொல்கிறாரோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். முள்ளோடு டப்பாவில் அடைத்த மத்தி மீன் 100 கிராமில் 350க்கு மேல் கிடைக்கும், முள் மெத்தென்று இருக்கும், மசித்து உருண்டையில் கலந்துவிடலாம். ப்ரோக்கோலி பரவாயில்லை. பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அதே கீரையில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது மிகச் சொற்பம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இதெல்லாம் கொடுத்தும் கால்சியம் போதவில்லை என்றால் மாத்திரையோ சிரப்போ தேவையா என்று மருத்துவரிடமே கேளுங்கள், வைட்டமின் டி பற்றியும் சேர்த்துக் கேளுங்கள்.

கடையில் லேபிள் பார்க்கும்போது வே, கேசின், கேசினேட், லாக்டோஸ் என்று எது இருந்தாலும் அது பால்தான். மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும், பேக்கிங் பவுடரில் சோள மாவு, சாசேஜில் ரொட்டித்தூள். நெய்யிலும் துளி பால் புரதம் தங்கியிருக்கும், ஒவ்வாமைக்காக நிறுத்தியிருந்தால் அதுவும் கூடாது.

இன்னொன்று. எதற்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்பதைத் தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நான் மேலே சொன்னதில் பாதி அதைப் பொறுத்து மாறும். குளூட்டன் என்ற தானியப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் என்றால், குளூட்டன் உள்ள கோதுமை, பார்லி, ரை என்ற தானியம் மூன்றும்தான் எதிரி. அரிசியையும் சோளத்தையும் நிறுத்தத் தேவையில்லை. சீலியாக் சந்தேகம் இருந்து ரத்தப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை என்றால், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், கோதுமையை நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். குடல் அழற்சிக்காகச் சில இடங்களில் பின்பற்றும் ஒரு கட்டுப்பாட்டு உணவு முறையில் கிழங்குகளே கூடாது, ஜவ்வரிசியும் கூடாது.

வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். இந்த மாற்றங்களைச் செய்தும் அடுத்த இரண்டு வாரத்தில் எடை ஏறவில்லை அல்லது இன்னும் இறங்குகிறது என்றால் எட்டு வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். எட்டு வாரம் முடிந்தபின் எந்த உணவை முதலில், எவ்வளவு, வீட்டிலா மருத்துவமனையிலா என்பதை இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு முகம் வீங்கியதோ மூச்சிரைத்ததோ உண்டு என்றால் வீட்டில் நீங்களாகக் கொடுத்துப் பார்க்கவே கூடாது.